இரவல் நிலத்தில் எழுப்பும் தமிழ்மாடம்

(மதுரையில் கணித்தமிழ் ஆர்வலர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மதுரைக்குத் தென்கீழ்ப்பால், வையைக்கு அணித்தாகக் கிடக்கும் கீழடி மேட்டை அகழ்ந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து பானையோடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழெழுத்திற் கீறப்பட்டிருந்தன. அவை அரசர் வெட்டுவித்த கல்வெட்டுகள் அல்ல. வீட்டிற் புழங்கிய கலத்திற் பொதுமக்கள் கீறிவைத்த பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அவை படிக்கக் கிடைக்கின்றன. ஆனால், இருபதாண்டுகட்கு முன் கற்றறிந்த தமிழர் கணினியில் எழுதிய மடல்களிற் பல இன்று படிக்கக் கிடைப்பதில்லை. ஏன்?

கணினியார்வலர் குழுக்களில் இந்நாளில் மூண்டிருக்கும் ஒரு சொற்போரின் அடியில் இவ்வினாவே கிடக்கின்றது. ‘மடலாடற்குழுவும் இணைய அரட்டையரங்கும் போதும், முகநூலும் புலனமும் வேண்டா’ என்பர் மூத்தோர். ‘மக்கள் கூடியிருக்கும் இடத்திலன்றோ பேசவேண்டும்? பழங்கருவிகளைக் கட்டிக்கொண்டு ஆளில்லா மன்றில் யாருக்கு உரைப்பது?’ என்பர் இளையோர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும், வழக்கின் வேர் அதனினும் ஆழமானது.

கணித்தமிழ் பிறந்து வளர்ந்த வரலாற்றை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1990-களின் இடையில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட்டு மடலாடற்குழுவில், நாடு கடந்து வாழ்ந்த தமிழர் ஒன்றுகூடினர். அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்பாடு வேறுபட்டது. ஒருவர் தமிழில் எழுதியது மற்றவர் கணினியிற் பொருளற்ற கோடுகளாய்த் தெரிந்தது. இக்குறை தீர, ‘திசுக்கி’ எனப்பட்ட பொதுக் குறியேற்பாட்டை ஆர்வலர்கள் மடல்வழியே வழக்காடி வகுத்தனர். கூலியில்லை, அரசாணையில்லை, மொழிப்பற்று ஒன்றே முதலாக இருந்தது.

அம்முயற்சியோடு ஒட்டிப் பிறந்ததே மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க அது தொடங்கிற்று. தமிழ்க்கழகம் இருந்த ஊரென்பதனால், கடல்கடந்த தமிழர் தம் பணிக்கு மதுரையின் பெயரையே சூட்டினர். ஒருவர் தட்டெழுதுவார்; வேறொரு நாட்டில் மற்றொருவர் பிழைதிருத்துவார்; இருவரையும் மின்னஞ்சல் இணைக்கும். ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் பொறிக்கப்பெற்றன. முகப்புப் பக்கத்தைச் சிதைக்காது எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்பது அதன் நெறி. கீழடிப் பானையில் ஆதன் பெயர் நின்றதுபோல், இந்நூல்களில் உழைத்தோர் பெயர் நிற்கின்றது. படிகள் பலரிடம் இருப்பதால், ஒருவர் கதவடைத்து அவற்றை அழித்துவிட இயலாது.

இனி, மறுபக்கத்தைக் காண்க. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பிக் கிளப்பு முதலான குழுக்கள் யாகூ நிறுவனம் அளித்த இடத்திற் கூடின. இலக்கணம், இலக்கியம், கலைச்சொல் எனப் பல்லாயிரம் மடல்கள் அங்கே குவிந்தன. இடமோ இரவல். 2019 அக்டோபரில் அந்நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. அவ்வாண்டு திசம்பர் 14-க்குப் பின் குழுக்களின் பழைய மடல்கள் நீக்கப்பெற்றன. 2020 திசம்பர் 15-இல் குழுக்களே மூடப்பெற்றன. முன்னரே படியெடுத்து வைத்தோர் மடல்கள் பிழைத்தன. ஏனையவை அழிந்தன. ஆர்க்குட்டு 2014-இல் மறைந்தது. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மறைந்தது. இவற்றிலும் தமிழர் எழுதினர். எழுதியவர் உழைப்பு எழுதியவருடையது. அழிக்கும் உரிமையோ பிறருடையது!

மடலாடற்குழு பழங்கருவிதானே, அதுவும் அழிந்ததே என்று இளையோர் கேட்பாராயின், அக்கேள்வி செவ்விய கேள்வியே. பழமை மட்டுமே காப்பாகாது. அதற்கு மற்றுமொரு சான்றுண்டு. 1988-இல் பின்லாந்து நாட்டு ஔலு நகரத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் ஆக்கிய ஐ.ஆர்.சி. என்னும் அரட்டைமுறை, கட்டற்ற மென்பொருளாளர்க்கு நெடுங்காலம் மன்றமாய் விளங்கிற்று. அவர்கள் பெரிதும் கூடிய ‘பிரீநோடு’ என்னும் அரங்கம் 2021 மேத்திங்களில் உரிமைப் பூசலிற் சிக்கியது. அதனை நடத்திவந்த தொண்டர்கள் வெளியேறி, ‘லிபரா’ என்னும் புதிய அரங்கை அமைத்தனர். குழுக்கள் பல சில கிழமைகளுக்குள் அங்கே குடிபெயர்ந்தன. அம்முறையின் நெறி எல்லார்க்கும் பொது. கருவி எல்லார் கையிலும் உண்டு. ஆகவே வீடு போயிற்று, குடி போகவில்லை. முகநூலிலிருந்து ஒரு குழு தன் பேச்சையும் உறுப்பினரையும் அவ்வாறு பெயர்த்துக் கொண்டுபோதல் எளிதன்று.

ஐ.ஆர்.சி.யிலும் ஒரு குறையுண்டு. பேசியதை அதுதானே சேமித்து வைப்பதில்லை. குழுவினர் பதிந்து வைத்தாலன்றிப் பேச்சு காற்றோடு போம். மேலும், அதன் கட்டளைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் கைப்பேசி ஒன்றையே கணினியாகக் கொண்ட இளைஞனை நோக்கி, ‘முதலில் இதனைக் கற்றுவா’ என்று வாயிலில் நிறுத்துவது தமிழ்த்தொண்டாகாது. அவன் புலனத்தில் இருக்கின்றான். அங்கே சென்று அவனை அழைத்தல் கடமை. ஆனால், அழைத்து வந்து அமர்த்துமிடம் தமிழர்க்கு உரிய இடமாதல் வேண்டும்.

தமிழ்ப்பெயர் ஒன்றே அவ்வுரிமையைத் தந்துவிடாது. தமிழகத்துச் சோகோ நிறுவனம் ‘அரட்டை’ என்னும் பெயரிற் செயலி வெளியிட்டதும், 2025-இற் பலர் அதனை நாடியதும் மகிழத்தக்கன. எனினும், எந்தச் செயலியையும் அளக்கும் கோல் ஒன்றே: பேசியதைப் படியெடுக்க இயலுமா? நாளை வருவோன் தேடிக் காண இயலுமா? வேண்டும்போது குடிபெயர இயலுமா?

சொல்லாக்கத்திற்கு இது உயிர்நிலை. ஒரு பிறசொற்கு ஈடாகத் தமிழ்ச்சொல் காணும்போது, சொல்லினும் இன்றியமையாதது அதன் கரணியம். இவ்வேர் ஏன் கொள்ளப்பட்டது, அவ்வேர் ஏன் தள்ளப்பட்டது என்னும் வழக்காடல் நிலைத்தாலன்றோ, பின்வருவோர் அதன்மேற் கட்டுவர்? புலனக் குழுவில் நள்ளிரவு வரை நிகழ்ந்த சொல்லாய்வு, பொழுது விடியுமுன் வாழ்த்துப் படங்களின் அடியிற் புதைந்து போகின்றது. தேடுபொறிக்கும் அது புலப்படுவதில்லை. தமிழ் விக்கிப்பீடியரோ தம் கருத்தாடற் பக்கத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டனர். அங்கே யார், எந்நாளில், என்ன சொன்னார் என்பது எல்லார்க்கும் வெளிப்படை. ஊர்மன்றின் முறை அதுவே.

ஆகவே, இளையோரும் மூத்தோரும் பிணங்க வேண்டா. பேச்சு எங்கேனும் நிகழ்க. முடிவு தமிழர்தம் சொந்த ஏட்டில் ஏறுக. ஒவ்வொரு குழுவும் ஒருவரை அமர்த்திக் கிழமைதோறும் ஆய்ந்த சொற்களையும் தீர்ந்த ஐயங்களையும் எழுதுவித்துத் தன் வலைத்தளத்தில் இடுக; உழைத்தவர் பெயரையும் நாளையும் குறிக்க; படியொன்றை வேறோரிடத்திலும் காக்க. பாண்டித்துரைத்தேவர் 1901-இல் இம்மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது, அவையோடு அமையாது, ‘செந்தமிழ்’ என்னும் இதழையும் காணச் செய்தார். அவையிற் பேசியவர் மறைந்தனர். இதழ் இன்றும் சான்று பகர்கின்றது.

ஓடு கீறிய குடிக்கு ஏடு காக்கத் தெரியாதா? காப்போம் என்று எழுக! தமிழ் வெல்க!