திக்கித்தான் பேசுவேன்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மாவட்ட மைய நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் மடை திறந்தது போலப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வந்திருக்கும் வாசகப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த 'அவர்களே' வரிசை இருக்கிறதே, திக்குவாய்க்காரர்களைச் சோதிக்கவென்றே யாரோ ஏற்படுத்தியது என்று நினைப்பேன். வேறு எந்தச் சொல் அடைத்தாலும் பக்கத்துச் சொல்லைப் பிடித்துத் தப்பித்துவிடலாம். ஆளையும் பெயரையும் மாற்ற முடியாது. எங்களில் பலருக்குத் தொண்டையில் அதிகம் நிற்பது சொந்தப் பெயர்தான். "பேரு என்னம்மா? அதுகூடவா மறந்துபோச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இன்றைக்கும் நான் திக்கித்தான் பேசுவேன். நடுவில் நின்றுபோனால் நீங்கள் தரையைப் பார்க்க வேண்டாம். முன்வரிசையில் இருப்பவர்கள் சொல் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். சொல் என்னிடமே இருக்கிறது. வர நேரமாகிறது, அவ்வளவுதான்.

நாவுக்குப் பட்டம் கொடுத்துப் பழகிய ஊர் இது. நாவுக்கரசர், நாவலர், சொல்லின் செல்வர்! வள்ளுவரும் சொல்வன்மைக்கென்று ஒரு தனி அதிகாரமே வைத்துவிட்டார். ஐந்து வயது வரை வாய் பேசாத குமரகுருபரர் திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்த நம்பிக்கையில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் திக்குகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தக் கதை வேறு ஒரு வேலையும் செய்கிறது. ஒருநாள் சட்டென்று சரியாகிவிடும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள், வாயில் கூழாங்கல் போடச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு நாற்பது வயதாகிறது. சரியான பிறகு இன்டர்வியூவுக்குப் போகலாம், சரியான பிறகு கல்யாணம் பேசலாம் என்று வாழ்க்கையே தள்ளிப்போகிறது.

விஷயம் என்னவென்றால், சிறு குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் போல ஏதாவது ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல மிஞ்சுகிறோம், நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கில். மாமாவைப் பார்த்துப் பழகியது, சின்ன வயதில் பயந்துகொண்டது என்றெல்லாம் சொல்வார்கள். திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பயம் திக்கலைக் கொண்டுவருவதில்லை. திக்கலுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, திக்கலைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது.

எப்படி வளர்கிறது? மதுரையில் பஸ் ஏறி, 'திருமங்கலம்' வாயில் வராமல், விருதுநகருக்கு டிக்கெட் எடுத்துத் திருமங்கலத்தில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் 'அது வந்து, அது வந்து' என்று முட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல், வகுப்பில் இருந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கியவர்களும் உண்டு. ஒளித்து ஒளித்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் காலத்தை ஓட்டிவிட முடியும். ஆனால் நாள் முழுக்க அதுதான் வேலையாக இருக்கும்.

பெண்ணாக இருந்தால் இன்னொரு வசதி. பேசாமலே இருந்தால் நல்ல பெயர்! "வாயே திறக்காது, அவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று என்னைக் காட்டித் தெருவில் மற்ற பெண்களுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்குள் எவ்வளவு வாய்த்துடுக்கு அடைத்துக் கிடந்தது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வாழ்நாள் முழுக்கத் திக்கியவர். 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரமணர் எதிரில் அது சரி. ரேஷன் கடையில் மௌனம் எடுபடாது.

என்னைத் திருப்பியது வேறொருவர் கதை. சார்லஸ் வான் ரைப்பர், அமெரிக்கர், 1905-ல் பிறந்தவர். பேச்சு சிகிச்சைத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவரே கடுமையாகத் திக்குபவர். இளைஞராக இருந்தபோது, வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று, காது கேளாத, வாய் பேசாத ஆளாக நடித்து ஒரு பண்ணையில் கூலிவேலை பார்த்திருக்கிறார். பேச்சே வராதவன் என்று நினைத்துக்கொள்ளட்டும், திக்குகிறவன் என்று தெரிந்துவிடக் கூடாது! எனக்கு இது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. பிறகு வழியில் ஒரு பெரியவரைச் சந்திக்கிறார். அவரும் திக்குகிறார். ஆனால் முகம் கோணவில்லை, மூச்சை அடக்கி முக்கவில்லை. சொல்லை அதன் போக்கில் விட்டுவிடுகிறார். அதோடு மல்லுக்கட்ட வயதும் தெம்பும் இல்லை என்கிற மாதிரி சொன்னாராம். வான் ரைப்பர் அன்றோடு, திக்காமல் பேசுவது எப்படி என்ற கேள்வியை விட்டார். சிரமமில்லாமல் திக்குவது எப்படி என்று தேடத் தொடங்கினார். 1936-ல் கலமசூ நகரில் சிகிச்சை மையம் தொடங்கினார். 1994-ல் இறக்கும்வரை திக்கலும் கூடவே இருந்தது.

அந்த வழியில் ஒரு பயிற்சி உண்டு. வேண்டுமென்றே திக்குவது. கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் மார்க்கெட்டுக்குப் போய், சுலபமாக வருகிற சொல்லையே வேண்டுமென்று இழுத்து, கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடியே, "த...த...தக்காளி என்ன விலை?" என்று கேட்டேன். விலையைச் சொன்னார். பை கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். என் திக்கலைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. எல்லாக் கடையிலும் இப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். சிரித்தவர்கள் இருந்தார்கள், ஒரு பையன் என்னைப் போலவே பேசியும் காட்டினான். வலித்தது. ஆனால் எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஓடினேனோ, அதைக் காதால் கேட்ட பிறகும் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டேன். அடுத்தது போன். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எதிர்முனையில் 'ஹலோ, ஹலோ' என்று கத்திவிட்டு வைத்துவிடுவது பெரும்பாலும் நின்றுபோகிறது.

ஏற்றுக்கொள்வது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாகப் படித்த பேச்சு சிகிச்சையாளரிடம் போங்கள். அடைக்கிற இடத்தில் தசையைத் தளர்த்தச் சொல்லித்தருவார்கள், பலன் இருக்கிறது. முழுதாகப் போக்கிவிடுவேன் என்று முன்பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் பற்றிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். லயனல் லோக் அவருக்கு 1926 முதல் பயிற்சி கொடுத்தார். அதற்குப் பிறகும், 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது ஆற்றிய வானொலி உரையில், மன்னர் நின்று நின்றுதான் பேசுகிறார்.

கேட்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். "பதறாம மெதுவாப் பேசு" என்று எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் பதறுவது அதற்குப் பிறகுதான். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பாதி நேரம் தப்பாகத்தான் முடிக்கிறீர்கள்! சினிமாவில் திக்குவாய்க்காரர் வந்து நின்றாலே சிரிப்பதற்கு நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அடுத்த பெஞ்சில் அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

இந்த அரங்கில் முந்நூறு பேர் இருப்போம். கணக்குப்படி என்னோடு இன்னும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கை தூக்கச் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள். விழா முடிந்ததும் வெளியே புத்தக மேசைப் பக்கம் இருப்பேன். பேச வாருங்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.