நம்ம வீட்டு வைஃபையில் யார் யார்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன் பற்றியும் தொழில் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நல்லா பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு வைஃபை. "இது பசங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு"ன்னு சிலர் நினைக்கலாம். 1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கினப்போ, பேங்க் சமாச்சாரத்தையும் "ஆம்பளைங்க வேலை"ன்னுதான் சொன்னாங்க. இன்னைக்கு மேனேஜர் எதிரில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு கேட்கிறோம். அதே மாதிரிதான் இதுவும்.

இப்ப கேபிள்காரர் மூலமாவே ஃபைபர் கனெக்‌ஷன் கிராமம் வரைக்கும் வந்துடுச்சு. மாசா மாசம் பணம் கட்டுறது பெரும்பாலும் நாமதான். பிள்ளைங்க படிப்பு, தையல் ஆர்டர், குழுவோட வரவு செலவு எல்லாம் அது வழியாத்தான் ஓடுது. காசு கட்டுற நமக்கு, அதை யார் யார் பயன்படுத்துறாங்கன்னு பார்க்கத் தெரியணும். அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம்.

முதலில், ஏன் பார்க்கணும்னு சொல்லிடுறேன். 2008-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. குண்டு வெடிக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. போலீஸ் அந்த மெயில் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனால், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய் நின்னுது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டு வைஃபை பூட்டாமல் திறந்து கிடந்தது. யாரோ அதில் நுழைஞ்சு மெயில் அனுப்பிட்டுப் போயிட்டாங்க. ஆனால் விசாரணைக்கு நின்னது அவர்தான். அடுத்த ரெண்டு மாசத்தில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும், ஒரு நிறுவனத்தின் வைஃபையும் இதே மாதிரி பயன்படுத்தப்பட்டன. அதுக்கப்புறம் 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பா வைக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு நம்ம வீட்டில் இருக்கிற எல்லா போனும் ஒரே வீடாத்தான் தெரியும். நம்ம இணைப்பில் நுழைஞ்சு ஒருத்தன் ஒரு பொண்ணுக்கு அசிங்கமா மெசேஜ் அனுப்பினாலும், முதலில் கேட்கிறது யார் பேரில் கனெக்‌ஷன் இருக்கோ அவங்களைத்தான்.

அதுக்காகப் பயந்துக்கவும் வேண்டாம். "வைஃபையில் எவனோ நுழைஞ்சால் பேங்க் பணம் போயிடுமா"ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. நுழைஞ்ச உடனே பணம் போயிடாது. பேங்க் ஆப், பணம் அனுப்புற ஆப் எல்லாம் தகவலைப் பூட்டித்தான் அனுப்புது. ஆனால் நுழைஞ்சவன் ரவுட்டரோட செட்டிங்கையே மாற்றினால் போலிப் பக்கத்துக்கு நம்மைத் திருப்பி விட முடியும். வீட்டில் மாட்டியிருக்கிற கேமராவை எட்டிப் பார்க்க முயற்சி பண்ணலாம். நம்ம வேகத்தையும் மாச அளவையும் தின்னுடுவான். இதுதான் நிஜமான ஆபத்து.

இன்னொரு ஆபத்து இருக்கு. அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்க பக்கத்தில் ஒரு குழுவில் ரெண்டு பேர், அடுத்தடுத்த வீடு. ஒருத்தங்க தையல் வேலை, வீட்டுக்காரர் இல்லை, மகள் பிளஸ் டூ. அவங்க வீட்டில் நெட் சாயந்திரம் ஆனால் நகராது. பொண்ணு பாடம் பார்க்க முடியாமல் அழும். "பக்கத்து வீட்டுப் பையன்தான் நம்ம வைஃபையைத் திருடுறான்"ன்னு யாரோ சொல்ல, அதை இவங்க வாசலில் நின்னு கேட்க, அவங்க பதிலுக்குக் கத்த, பேச்சே நின்னு போச்சு. குழுக் கூட்டத்துக்கு ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் வர மாட்டாங்க. அப்போ பேங்க் கடனுக்கு எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டிய நேரம். "அவ வாங்குற கடனுக்கு நான் ஏன் பொறுப்பாகணும்"ங்கிற அளவுக்குப் போயிடுச்சு. பன்னிரண்டு பேர் கடன், ஒரு வைஃபை சண்டையில் நின்னுது.

ஊக்குநர் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. நான் கூட்டமைப்பில் கணக்கு எழுதுறதுக்கு முன்னாடி இ-சேவை மையத்தில் வேலை பார்த்தவள். போய்ப் பார்த்தேன். அன்னைக்கு என்ன பண்ணினேனோ அதையே உங்களுக்கு வரிசையாச் சொல்றேன்.

முதல் வேலை, ஒரு நோட்டு எடுங்க. வீட்டில் வைஃபையில் இருக்கிற பொருள் எல்லாத்தையும் எழுதுங்க. போன் எத்தனை, டிவி உண்டா, கேமரா உண்டா, லேப்டாப் உண்டா. அந்த வீட்டில் நாங்க எழுதினது நாலு: ரெண்டு போன், ஒரு டிவி, அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்.

ரெண்டாவது, ரவுட்டரைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஒரு எண் இருக்கும். கூடவே யூசர் நேம், பாஸ்வேர்டு இருக்கும். வைஃபையில் இணைந்திருக்கிற போனில் குரோம் திறந்து அந்த எண்ணை மேலே அடிங்க. ரவுட்டரோட உள் பக்கம் திறக்கும். திறக்கலைன்னா கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கேளுங்க. "என் பணத்தில் ஓடுற ரவுட்டர், உள்ளே போற பாஸ்வேர்டு சொல்லுங்க"ன்னு கேட்கிறதில் தப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டர் பின்னாடி ஊசி நுழையிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுதான் ரீசெட். அதைக் குத்திடாதீங்க. ஃபைபர் கம்பெனி போட்ட செட்டிங் எல்லாம் அழிஞ்சு, அவங்க ஆள் வர்ற வரைக்கும் நெட்டே இருக்காது. உள்ளே போன பிறகும் 'வேன்', 'இன்டர்நெட்'னு இருக்கிற பகுதியைத் தொட வேண்டாம்.

மூணாவது, உள்ளே 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஹெச்சிபி கிளையன்ட்ஸ்'னு ஒரு பகுதி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும். அதைத் திறந்தால் இப்ப இணைந்திருக்கிற எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் வரும். சிலதில் போன் மாடல் பேர் இருக்கும். எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடி, மொத்தம் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் இருக்கும். அதுக்குப் பேர் மேக் அட்ரஸ். அந்த வீட்டுப் பட்டியலில் பதினோரு வரி இருந்தது. வீட்டில் இருக்கிறது நாலு.

இப்ப ஒத்துப் பார்க்கிற வேலை. மாசா மாசம் பாஸ்புக்கையும் பேரேட்டையும் வெச்சு ஒவ்வொரு வரியா டிக் அடிப்போம் இல்லையா, அதே வேலைதான். போன் செட்டிங்கில் அந்த வைஃபை பேரைத் தொட்டால் அதோட மேக் அட்ரஸ் தெரியும். பட்டியலில் இருக்கிறதோடு ஒத்துப் பாருங்க. ஒரு விஷயம் கவனிங்க: 2019, 2020-க்குப் பிறகு வந்த போன்கள் நிஜ அடையாளத்தைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் அடையாளம் கொடுக்கும். அதனால் 'போனைப் பற்றி'ங்கிற பக்கத்தில் பார்க்காதீங்க, அந்த வைஃபை பேருக்குள்ளேயே பாருங்க. குழப்பமா இருந்தால் எளிய வழி, வீட்டுப் பொருளை ஒண்ணொண்ணா அணைச்சுட்டு, பட்டியலைத் திரும்பத் திறந்து எது போச்சுன்னு பாருங்க. சில ரவுட்டர் பழைய வரியைக் கொஞ்ச நேரம் வெச்சிருக்கும். அவசரப்பட வேண்டாம்.

ஒத்துப் பார்த்தோம். நாலு நம்மளது. மீதி ஏழு வெளியாளுது. பக்கத்து வீட்டு அக்காவையே கூப்பிட்டோம். அவங்க வரத் தயங்கினாங்க. ஊக்குநர் அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க பையன் போனை வாங்கி, வைஃபை பேரைத் தொட்டு, அடையாளத்தைப் பார்த்தோம். ஏழில் ஒண்ணு கூட அவன் போன் இல்லை. அந்த போனில் இந்த வைஃபை பாஸ்வேர்டே சேமிச்சிருக்கலை.

அப்போ எப்படி ஏழு வந்தது? முன்னாடி மாடியில் வாடகைக்கு இருந்தவங்க வீடு மாறி ரெண்டு தெரு தள்ளித்தான் போயிருந்தாங்க. அவங்க பையன் இங்கே பழைய சினேகிதங்களோட சாயந்திரம் கோயில் திண்ணைக்கு வருவான். கோயிலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆண்ட்ராய்டு போனில், சேமிச்ச வைஃபையில் 'ஷேர்'னு தொட்டால் ஒரு கியூஆர் கோடு வரும். அதை இன்னொரு போன் ஸ்கேன் பண்ணினால் போதும், பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வந்துடலாம். ஒருத்தன் கிட்ட இருந்து ஒருத்தனா ஏழு பேர். உடைச்சுக்கிட்டு வந்த திருடன் யாரும் இல்லை. கொடுத்த சாவியைத் திரும்ப வாங்காமல் விட்டதுதான். ஆனால் பழி விழுந்தது ஒண்ணும் தெரியாத ஒரு பையன் மேல. பட்டியலைப் பார்க்காமல் யாரையும் திருடன்னு சொல்லக் கூடாதுங்க.

அடுத்தது, எப்படித் தடுக்கிறது? ரவுட்டரில் 'பிளாக்', 'பிளாக்லிஸ்ட்', 'மேக் ஃபில்டர்'னு இருக்கும். அடையாளத்தைக் குறிச்சு ஒவ்வொருத்தரா வெளியே தள்ளலாம். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. போனில் ஒரு பட்டனைத் தள்ளினால் அடையாளமே மாறிடும், அதே ஆள் வேற பேரில் வந்து நிப்பான். உண்மையான பூட்டு, வைஃபை பாஸ்வேர்டை மாற்றுறதுதான். மாற்றின நிமிஷம் எல்லாருமே வெளியே. பிறகு நம்மளது மட்டும் ஒண்ணொண்ணாச் சேர்க்கணும். டிவி, கேமராவை மறக்காதீங்க.

மாற்றும்போது அஞ்சு விஷயம்.

ஒண்ணு, பல ரவுட்டரில் 2.4 ஜி, 5 ஜின்னு ரெண்டு வைஃபை பேர் இருக்கும். ஒண்ணை மாற்றி இன்னொண்ணை விட்டால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வெச்ச கதைதான்.

ரெண்டு, பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கணும். 'ஓபன்' இருக்கவே கூடாது. 'வெப்'ங்கிற பழைய வகை இருபது வருஷத்துக்கு முன்னாடியே உடைஞ்சு போனது.

மூணு, பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். செல் நம்பர், பிள்ளை பேர், குழு பேர் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து வெச்சால் நமக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவங்களுக்கு ஊகிக்க வராது.

நாலு, ரவுட்டரின் உள்ளே போற பாஸ்வேர்டையும் மாற்றுங்க. ஸ்டிக்கரில் இருக்கிறதை வீட்டுக்கு வர்ற யாரும் படிச்சுடலாம்.

அஞ்சு, 'டபிள்யூபிஎஸ்'னு ஒரு வசதி இருந்தால் அணைச்சுடுங்க. அதோட எட்டு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்க முடியும்னு 2011-லேயே காட்டிட்டாங்க.

"விருந்தாளி வந்தால் கொடுக்காமல் எப்படி? நம்ம பக்கத்தில் தண்ணி கேட்டால் மோர் கொடுப்போமே"ன்னு கேட்பீங்க. கொடுங்க, வேண்டாம்னு சொல்லலை. பல ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்'னு தனி வைஃபை வைக்கலாம். அது திண்ணை மாதிரி. வந்தவங்க உட்காரலாம், உள் அறைக்கு வர முடியாது. நம்ம கேமரா, லேப்டாப் பக்கம் போக முடியாது. அவங்க போன பிறகு அணைச்சுடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை இருந்தால் அந்த ஒரு மாசத்துக்குத் திறந்து விடுங்க. கொடுக்கிறது நம்ம மனசு. ஆனால் யாருக்குக் கொடுத்தோம்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எல்லாம் செஞ்ச பிறகும் எவனாவது வேணும்னே நுழைஞ்சு தொந்தரவு பண்ணினால், அந்தப் பட்டியலைத் தேதியோடு போட்டோ எடுத்து வெச்சு சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழையிறதைத் தப்புன்னு சொல்லுது. கெட்ட எண்ணத்தோடு செஞ்சால் 66-ஆம் பிரிவில் மூணு வருஷம் வரை சிறை, அஞ்சு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணணும். இந்த நம்பரைப் பீரோ கதவில் எழுதி ஒட்டுங்க.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு பெட்டிச் சாவி மாதிரி இருக்கணும். யார் யார் கிட்ட இருக்குன்னு தீர்மான நோட்டில் எழுதணும். பொறுப்பாளர் மாறினால், பேங்கில் கையெழுத்து மாற்றுற அன்னைக்கே பாஸ்வேர்டையும் மாற்றணும். மாசக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர் இதைச் செய்து பழகிக்கணும். அவங்க மற்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். காசு கொடுத்து ஆள் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை இது.

அந்தக் குழு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பாஸ்வேர்டு மாற்றின அன்னைக்கு ராத்திரியே பொண்ணு பாடம் தடங்கல் இல்லாமல் ஓடிச்சு. மறுநாள் தையல்கார அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய், பையனையும் உட்கார வெச்சு, "நான் கேட்டது தப்பு கண்ணு"ன்னு சொன்னாங்க. அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தது. கடன் வந்தது. அதில் அவங்க ரெண்டாவது தையல் மெஷின் வாங்கினாங்க. அதில் உட்கார்ந்து தைக்கிறது யார் தெரியுங்களா? அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான்.

சாப்பாட்டு இடைவேளையில் அஞ்சு பேர் போனோடு வாங்க, இங்கே ஆபீஸ் ரவுட்டரிலேயே செஞ்சு காட்டுறேன்.