அடக்கமும் ஒடுக்கமும்

 

‘அடக்கமுடைமை’ என்னும் பதின்மூன்றாம் அதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். உண்டும் உடுத்தும் உற்றாரோடு உரையாடியும் வாழ்வோர்க்கே அடக்கத்தை ஓதினார். அங்கு அவர் காட்டும் உவமை ஆமை. இடர் வருங்கால் ஆமை தன் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது; இடர் நீங்கியதும் வெளியே நீட்டி நடக்கிறது. நீட்டும் ஆற்றல் இருப்பதனால்தான் அது அடக்கம் எனப்படுகிறது. நீட்டவே இயலாத ஆமையை நோயுற்ற ஆமை என்போமே அன்றி, அடக்கமுடைய ஆமை என்போமா?

இவ்வேறுபாட்டை உளவியலும் ஆராய்ந்துள்ளது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களான மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு முதலில் ஆட்பட்ட நாய்களுள் பல, பின்னர்த் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. அவை இயலாமையைக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அவ்விருவரே தம் விளக்கத்தைத் திருத்தினர். நெடுந்துன்பத்தின் முன் செயலற்றுக் கிடத்தல் உயிரின் இயல்பான நிலை. ‘என் செயலால் மாற்றம் விளையும்’ என்பதே கற்கவேண்டிய பாடம் என்றனர்.

என் வாழ்விலிருந்தே ஒரு சான்று கூறுகிறேன். முனைவர் பட்ட ஆய்வின்போது, வெளியூர் நூலகம் ஒன்றில் ஒரு திங்கள் தங்கிச் சுவடிகளைப் பார்வையிடும் வாய்ப்பு வந்தது. ‘வீட்டில் இசைய மாட்டார்கள்’ என்று நெறியாளரிடம் கூறி மறுத்துவிட்டேன். ஆண்டுகள் பல கழிந்து அப்பாவிடம் இதனைச் சொன்னபோது, ‘நீ என்னிடம் கேட்கவே இல்லையே அம்மா’ என்றார். கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கவும் கூடும். ஆயின், அம்மறுப்பை அவருக்கு முன்பே நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதனை அடக்கம் என்று எண்ணிப் பெருமிதமும் கொண்டேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இன்றளவும் அக்குறையோடுதான் இருக்கிறது.

தேர்வு நெருங்குகிறது என்று திருவிழாவைத் தவிர்க்கும் மாணவியும் ‘வேண்டாம்’ என்கிறாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தயங்கும் மாணவியும் ‘வேண்டாம்’ என்கிறாள். சொல் ஒன்றே, பொருள் இரண்டு. ‘வேண்டும் என்று சொல்ல என்னால் இயலுமா?’ என்று அவரவர் தம் நெஞ்சைக் கேட்டால் வேறுபாடு விளங்கும். இயலும் எனில் அது அடக்கம். இயலாது எனில் அது ஒடுக்கம். உண்மையாகவே தடுக்கப்படுவோர் பலர் உண்டு. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தடை சுவரா, நிழலா என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

படுத்துக்கிடந்த அந்நாய்களைக் கயிறு கட்டிப் பலமுறை தடுப்பின் மறுபக்கம் இழுத்துச் சென்ற பின்னர், அவை தாமாகவே தாண்டின என்பதும் அவ்வாய்வாளர்கள் கண்ட உண்மை. தயங்கி நிற்கும் ஓர் இளையவரைக் கைப்பிடித்து மேடையேற்றும் ஒவ்வொரு முறையும் இலக்கிய வட்டம் அப்பணியையே செய்கிறது. அப்பணி இனியும் தொடர்க!