கச்சான் காற்றும் கொழுந்தின் வாசமும்

(பதுளையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆடி பிறந்தால் நம் பக்கம் கச்சான் அடிக்கும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி வெறும் காற்றாய் இறங்கி வருகிறது. பசறை, தெமோதரை, ஹாலிஎல மலைகளில் மண் வெடிக்கிறது. கூடை நிறையாது. கிலோ குறைந்தால் அரைப் பேர். அதற்கு மேல் ஒரு பேச்சும் வாங்க வேண்டும்: "கை ஓடவில்லையா?"

கை ஓடுகிறது. செடிதான் மூச்சை அடக்கிக்கொண்டது.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளைகள் ஏராளம். அவற்றின் வழியாகத்தான் இலை காபனீரொட்சைட்டை எடுத்து உணவு செய்கிறது. நீராவி வெளியே போவதும் அதே வழியில்தான். வேருக்கு ஈரம் எட்டாதபோது, இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றச் செடி அந்தத் துளைகளை மூடுகிறது. தண்ணீர் மிஞ்சும், உணவு குறையும். அரும்பு முடங்கிவிடும்.

ஆனால் இலை சும்மா இருப்பதில்லை. வாடும் செடிகள் செய்யும் பொருள்களில் ஒன்று மெதைல் சலிசிலேற்று. பெயர் புதிது, வாசம் பழசு. இடுப்பு வலிக்குத் தேய்க்கிற தைலத்தில் மூக்கில் ஏறுகிறதே, அதுதான். கலிபோர்னியாவில் டேவிஸ் நகருக்கு அருகே ஒரு வால்நட் தோட்டத்தில் விஞ்ஞானிகள் மரங்களைச் சுற்றிக் கருவி வைத்துக் காற்றை அளந்தார்கள். தண்ணீர் போதாமல், குளிர்ந்த இரவுக்குப் பின் பகல் சூடு ஏறி வாடிய மரங்கள் இந்த வாயுவைக் காற்றில் விடுவதை 2008இல் அறிவித்தார்கள். குளிர்ந்த இரவும் காயும் பகலும் நமக்குத் தெரியாததா!

நம் தேயிலை இலை இதைச் சர்க்கரையோடு கட்டி உள்ளே வைத்திருக்கிறது. பெக்டரியில் கொழுந்தை அரைக்கும்போது கட்டு அவிழ்ந்து வாசம் கிளம்புகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவா சீசன் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுத்த வாசத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பு ஏலத்தில் நல்ல சீசன் தேயிலைக்குத் தனி விலை.

வறட்சி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நீண்டால் வாசமும் இல்லை, செடியும் இல்லை. இளங்கன்றுகள்தான் முதலில் காயும். நான் சொல்வது இதுதான்: ஒரே காற்று எடையைக் குறைத்து வாசத்தைக் கூட்டுகிறது. நம் சம்பளம் எடையில் தொங்குகிறது, தேயிலையின் விலை வாசத்தில் நிற்கிறது. மழைக்காலக் கிலோவை ஆடி, ஆவணியிலும் கேட்பது எந்தக் கணக்கு? காய்ச்சல் மாதங்களுக்குத் தனிக் கிலோ வேண்டும். அதைத்தான் பேச்சுவார்த்தையில் வைக்கப்போகிறோம்.

வெறுங்கையோடு போக முடியாது. தோட்டத்தில் மழை அளக்கிறார்கள், அந்தக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் மலையில் எடுத்த கிலோவையும் அன்றைய மழையையும் ஒரே கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கோடு போட்டுத் தருவார்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை, ஒரு நாளும் விடாமல். ஒக்டோபர் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள்.