மார்கரெட்டும் மரகதமும்

முகம் ஒத்திருப்பவர் எல்லாரும் உடன்பிறந்தவர் ஆகார். உடன்பிறந்தவர் எல்லாரும் முகம் ஒத்திருப்பதும் இல்லை. மக்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை பெயர்களுக்கும் பொருந்தும். இதனை நான் ஒரு பிழை செய்து கற்றுக்கொண்டேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மார்கரெட் என்னும் பெயர் நம் மரகதத்திலிருந்து பிறந்ததா?" என்று கேட்டாள். இரண்டும் பெண்பாற் பெயர்கள். இரண்டும் மணியின் பெயர்கள். ஒலியும் நெருங்கி நிற்கிறது. "ஐயமே இல்லை, அம்மா" என்று கூறிவிட்டேன். வகுப்பு முழுவதும் கைதட்டியது. அன்று மாலை நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோது, அக்கைதட்டல் எனக்கு உரியதன்று என்று தெரிந்தது.

மார்கரெட் என்பது மரகதம் அன்று; முத்து. கிரேக்க மொழியில் முத்துக்கு 'மார்கரிட்டேஸ்' என்று பெயர். ஈரானிய மொழியொன்றிலிருந்து கிரேக்கர் அச்சொல்லைப் பெற்றனர் என்பது அறிஞர் கருத்து. பாரசீகத்தில் முத்து 'மொர்வாரீத்' எனப்படும்; அங்கும் அது பெண்களுக்கு இடும் பெயரே. கிரேக்கச் சொல் இலத்தீனில் 'மார்கரீட்டா' ஆயிற்று. அந்தியோக்கியாவின் தூய மார்கரெட்டைப் பற்றிய கதை இடைக்கால ஐரோப்பாவில் பரவியபோது, பெயரும் உடன் பரவியது. பிரெஞ்சு மொழியில் அது மார்கரீத். ஒரு வெண்ணிற மலருக்கும் அதுவே பெயர். செருமானியர் மார்கரேட்டே என்பர். செல்லமாகக் கிரெட்சென் என்று அழைப்பர். 1808-இல் வெளிவந்த கதேயின் 'பௌஸ்ட்' நாடகத் தலைவிக்கு இவ்விரு பெயரும் உண்டு. ஆங்கிலேயர் மாகி, மெக் என்று சுருக்குவதோடு நில்லாமல், பெகி என்றும் அழைப்பர். மார்கரெட்டும் பெகியும் ஒரே பெயர் என்றால் யார் செவி நம்பும்? எனினும் அதுவே உண்மை.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அம்மாணவி வருந்தவில்லை. "அப்படியானால் மரகதத்துக்கு உறவினர் யார், ஐயா?" என்று கேட்டாள். இம்முறை ஒரு வாரம் தவணை கேட்டேன்.

பச்சை மணியைக் கிரேக்கர் 'ஸ்மாரக்டோஸ்' என்றனர். நம் மரகதம் வடமொழி வழியே தமிழுக்கு வந்த சொல். அவ்வடமொழிச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் உறவுடையவை. இரண்டுக்கும் மூலம் செமித்திய மொழிகளில் இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அக்கிரேக்கச் சொல்லே ஸ்பானிய மொழியில் 'எஸ்மெரால்டா' என உருமாறியது. 1831-இல் விக்டர் ஹியூகோ வெளியிட்ட நாவலின் தலைவி அப்பெயருடையவள். ஆகவே, மரகதத்தின் உறவினள் மார்கரெட் அல்லள், எஸ்மெரால்டா!

அப்படியாயின் மார்கரெட்டுக்கு நம் நாட்டில் உறவே இல்லையா? பொருளால் உண்டு. முத்தம்மாளும் முத்துலட்சுமியும் முத்தின் பெயர் கொண்டவர்களே. பாண்டிநாட்டுக் கடல் முத்து பண்டைக் காலத்தில் உரோமுக்குச் சென்றது. பொருள் இங்கிருந்து சென்றது. மார்கரெட் என்னும் சொல் இங்கிருந்து செல்லவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் அன்று நான் மறந்தேன். எல்லாம் நம்மிடமிருந்தே பிறந்தன என்று சொல்லும் ஆசை என் நாவை முந்திவிட்டது. சான்றில்லாப் புகழ் தாய்மொழிக்கு அணியாகாது. பிறர் நகைப்பதற்கே இடமாகும்.

1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் கசின்ஸ். பின்னர் அச்சங்கத்தில் தொண்டாற்றியவர், 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒருவர் பெயரிலும் முத்து. மற்றவர் பெயரிலும் முத்து. ஒலியில் ஒற்றுமை ஏதுமில்லை.

மாணவ நண்பர்களே, இரு சொற்கள் உறவு என்று செவி கூறினால் உடனே நம்பிவிடாதீர்கள். உடனே தள்ளியும் விடாதீர்கள். அவற்றின் பழைய வடிவம் யாது, எவ்வழியே வந்தன என்று தேடுங்கள். அம்மாணவி கேட்ட இரண்டாம் கேள்வியே எனக்கு அதைக் கற்பித்தது.