சிறுநீர்ச் சோதனை தீர்ப்பாகுமா?



போதைப்பொருளின் கொடுமையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. அதனாற் பாழான குடும்பங்களை நாமும் அறிவோம். ஆயினும், ஒருவரைக் குற்றவாளி என்னுமுன் சான்று எத்தகையது என்று கேட்பது எமது தொழில்; எமது கடமையுமாகும்.

சிறுநீரில் நனைத்த சிறு பட்டை ஐந்து நிமிடத்திற் பதில் தருகின்றது. சோதனைக்கோடு மங்கலாகவேனும் தோன்றினால் ‘இல்லை’, தோன்றாவிடின் ‘இருக்கலாம்’. அதனை ‘இருக்கிறது’ என்று வாசிப்பவர் மனிதரே!

பட்டையிலுள்ள பிறபொருளெதிரி, பொருளின் வடிவத்தையே இனங்காண்கின்றது. வடிவொத்த வேறொன்று வந்தால் ஏமாறுகின்றது. மூக்கடைப்புக்கு உட்கொண்ட சூடோஎபெட்ரின், அம்பெற்றமினாகத் தோன்றலாம். அபின்வகைக்கான சாதாரண பட்டையோ, கொடிய பென்டனிலைக் காணாமலே விட்டுவிடும். ஒருபுறம் நிரபராதி அகப்படுகிறார். மறுபுறம் பாவித்தவர் தப்புகிறார்.

காலத்தையும் அது சொல்லாது. நாள்தோறும் கஞ்சா பாவித்தவர் அதனை விட்டொழித்த பின்னரும் வாரக்கணக்கில் எச்சம் நிற்கும். ஹெரோயினுக்கே உரிய எச்சமோ ஏறக்குறைய ஒரு நாளில் மறையும். வேலை நேரத்தில் ஒருவர் மயக்கத்தில் இருந்தாரா என்பதற்கு இதிலே விடையில்லை.

கசகசா தந்த பாடம்

ஐக்கிய அமெரிக்காவைப் பாருங்கள். முக்கிய பதவிகளிலுள்ள அரசாங்க ஊழியரைச் சோதிக்குமாறு 1986 இல் ஜனாதிபதி றீகன் கட்டளையிட்டார். அபின்வகைக்கு விதித்த எல்லை, மில்லிலீற்றருக்கு 300 நனோகிராம். கசகசா தூவிய பணிஸ் தின்றவரும் அதனைத் தாண்டக்கூடும் என்று கண்டனர். 1998 டிசெம்பரில் எல்லை 2000 ஆயிற்று. நேற்றுச் சந்தேகத்துக்குரியவர், இன்று குற்றமற்றவர்! மாறியது மனிதரல்லர், எண்ணே மாறியது.

இவ்விடத்தில் நுட்பமான ஆய்வுகூடக் கருவியும் தனித்து உதவாது. மோர்பின் சிறுநீரில் உண்மையாகவே இருந்தது. வந்த வழியே வேறு. அவ்வழியை அறிய, ஒரு மருத்துவர் அம்மனிதரிடமே கேட்கவேண்டும்.

1989 இல் திறைசேரி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில், துப்பாக்கி தாங்கும் சுங்க ஊழியரையும் போதைக் கடத்தலைத் தடுப்போரையும் சோதிக்கலாம் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. 5 நீதியரசர் ஏற்றனர். 4 பேர் மறுத்தனர். ஆனால் அத்திட்டத்திலே காவல்கள் இருந்தன. முதற் சோதனையை ஆய்வுகூடம் வேறு முறையால் உறுதிசெய்தது. மருத்துவர் அதனை ஆராய்ந்தார். ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமின்றி முடிவு வழக்குத் தொடுநரிடம் செல்லவில்லை.

நாம் கேட்பது

பட்டையைக் குப்பையில் எறியுமாறு நாம் கேட்கவில்லை. அவசர சிகிச்சையில் அது மருத்துவருக்கு வழிகாட்டும். நாம் கேட்பவை மூன்று: உட்கொண்ட மருந்துகளை முதலில் விசாரியுங்கள், மாதிரியின் ஒரு பங்கை முத்திரையிட்டு மறுசோதனைக்கு வையுங்கள், ஆய்வுகூடம் உறுதிசெய்யும்வரை ஒருவரின் வேலையிலும் விடுதலையிலும் கைவையாதீர்கள்.

சந்தேகத்தின் பயன் எதிரிக்கே உரியது என்பது சட்டத்தின் பழைய நெறி. ஐந்து நிமிடப் பட்டைக்காக அந்நெறியை நாம் கைவிடலாமா? பட்டையின் பதில் விசாரணையின் தொடக்கம், முடிவன்று.