ஐதரசனில்லா அமிலம்



அமிலம் என்றவுடன் எலுமிச்சம்பழம் நினைவுக்கு வருதல் இயல்பு. பாடநூல் கற்ற மாணவனோ, நீரில் ஐதரசன் அயனைக் கொடுப்பதே அமிலம் என்பான். அமெரிக்க அறிஞர் கில்பேர்ட் லூயிசு 1923ஆம் ஆண்டில் இதனை மறுபுறமாக நோக்கினார். பிறிதொன்றிடமிருந்து ஓர் இலத்திரன் சோடியை ஏற்பது எதுவோ அதுவே அமிலம் என்றார். ஐதரசன் அணு ஒன்றேனும் இல்லாத நாகக் குளோரைட்டும் இதனால் அமிலமாயிற்று. கொடுப்பதனாலன்றிக் கொள்வதனால் அமிலமாதல் விந்தையன்றோ!

பெயர்தான் பிந்தியது; தொழில் முந்தியது. செர்மானிய அறிஞர் எமில் பிசர் 1883இல் இந்தோல் வளையம் ஆக்கும் வழியைக் கண்டார். பென்சீன் வளையத்தோடு, நைதரசன் அணு ஒன்றைக் கொண்ட ஐந்தணு வளையம் ஒட்டிநிற்பதே இந்தோல். காபனல்லாத அணுவும் வளையத்தில் அமர்ந்திருப்பதால் இதனைப் பல்லினவளையச் சேர்வை என்பர். அவுரியின் நீலச் சாயமும், நம் உணவுப் புரதத்திலுள்ள திரிப்தோபனும் இக்குடும்பத்தவை.

பீனைலைதரசீனை ஒரு கீற்றோனுடன் சேர்த்து, விளைபொருளை நாகக் குளோரைட்டுடன் சூடாக்குவர். அப்பொருளில் இரு நைதரசன் அணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நாகம் நைதரசனின் இலத்திரன் சோடியைப் பற்றி வினையைத் தூண்டுகிறது. நைதரசன்களிடையேயுள்ள நொய்ந்த பிணைப்பு அறும்போதே, காபன் அணு இரண்டு புதிதாய்க் கைகோக்கின்றன. பின்னர் வளையம் மூடுகிறது. ஒரு நைதரசன் அமோனியாவாக வெளியேறுகிறது. எந்த நைதரசன்? பாரமான நைதரசனை அடையாளமாக இட்டு நடத்திய சோதனை, பென்சீனுக்கு அப்பாலுள்ளதே போகிறது என்று 1943இல் காட்டிற்று. துப்பறியும் கதையினும் இது சுவையானது என்பேன்.

பிசர் 1902இல் நோபெல் பரிசு பெற்றார். எனினும் பீனைலைதரசீனை நெடுங்காலம் கையாண்டமையால் அவர் உடல்நலம் கெட்டது. அதே வழியில் ஆக்கப்படும் இந்தோமெதசின் என்னும் மருந்து, 1960களிலிருந்து மூட்டுநோயாளர் பலரின் வேதனையைத் தணித்துள்ளது.

ஒரு தொல்லை உண்டு. வெளியேறும் அமோனியாவுக்கும் இலத்திரன் சோடி உண்டாதலால், அது நாகத்தைப் பற்றிக்கொள்ளும். எனவே உப்பைப் பெருமளவில் இடவேண்டும், கழிவும் பெருகும். அலுமினியக் குளோரைட்டோ ஈரம் பட்டாலே கெடும். யப்பானிய அறிஞர் சூ கோபயாசி, இலந்தனம் இனத்து உலோகங்களின் திரிபிளேற்று உப்புகள் நீரிலும் லூயிசு அமிலமாய்த் தொழிற்படுதலை 1991இல் காட்டினார். வினை முடிந்தபின் அவற்றை நீரிலிருந்து மீட்டெடுத்து மறுபடியும் வழங்கலாம்.